ஏழாவது ஜாடி

ஜூன் 2, திங்கள்

கட்டு மாற்றினார்கள். பஞ்சில் மறுபடியும் மஞ்சள்.

அதே இடம். இடது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. போன நவம்பரில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் புனே நகர் ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தபோது எலும்பு வெளியே எட்டிப் பார்த்த இடம். எலும்பு ஒட்டிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் ஒட்டிய எலும்புக்குள் கிருமி வீடு கட்டி உட்கார்ந்துகொண்டது. தகடு வைத்தார்கள், தகட்டை எடுத்தார்கள், சுரண்டினார்கள், வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏற ஏற வாந்தி எடுத்தது நான். கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் கானேட்கர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. லேபில் ஒரு மாத்திரை பேட்ச் தேறாது என்று தெரிந்துவிட்டால் நானும் அப்படித்தான். வந்து நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவேன்.

காரில் வரும்போது என் கணவர் நிர்மல், "வெசனப்படாத சுபா, ஏதாச்சும் ஒரு வழி இருக்கும்" என்றார். கோயமுத்தூரை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. வெளியில் ஹிந்தியும் இங்கிலீஷும்தான் பேசுவார். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் அந்த ஊர்ப் பேச்சு எங்கிருந்தோ வந்துவிடும். அதைக் கேட்டதும் விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் மேஜைமேல் ஒரு சின்னக் குப்பியை வைத்தார். உள்ளே வெள்ளையாக, ரவைக்கும் கல் உப்புக்கும் நடுவில் ஒரு பதம். "காச்" என்றார். கண்ணாடி.

காலுக்குள் கண்ணாடியா என்று நான் கேட்பதற்குள் நிர்மல் கேட்டுவிட்டார்.

அவர் ஹிந்தியும் இங்கிலீஷுமாக விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. இது ஜன்னல் கண்ணாடி இல்லை. மணலோடு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் வேறு விகிதத்தில் கலந்து செய்தது. உடம்பு நீரில் மெல்லக் கரையும். கரைந்து வருவதே மேலே எலும்பின் உப்பாகப் படியும். அதைப் பிடித்துக்கொண்டு புது எலும்பு வளரும். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் ஆன்டிபயாடிக்கை ஏற்றி வைத்திருக்கிறார்கள். எலும்பைச் சுரண்டிவிட்டு அந்தக் குழியில் இதைப் போட்டு மூடினால், மருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ரத்தத்தில் ஏற்றினால் செத்த எலும்புக்குப் போய்ச் சேராத மருந்து, இங்கே கிருமியின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். இன்னும் சோதனையில் இருக்கும் முறை. எனக்கு முன்னால் சிலருக்கு வைத்திருக்கிறார்கள்.

"இதுவும் பிடிக்கலைன்னா?" என்றேன்.

டாக்டர் மூடியிருந்த பேனாவை எடுத்துத் தன் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பேனா மூடியிருந்ததால் கோடு விழவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், "மருந்து வெளியே வர்ற வேகத்தோட கிராஃப் இருக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த மனிதர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

ஜூன் 6, வெள்ளி

என்ன வேலை பார்க்கிறேன்? ரஞ்சன்காவ் மாத்திரைத் தொழிற்சாலையின் லேபில், மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை மெல்லத்தான் கரைகிறதா என்று பார்க்கிறேன். வரிசையாக ஆறு கண்ணாடி ஜாடிகள். உடம்புச் சூட்டில் திரவம். ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு சுற்றும், ஒரு மாத்திரை கிடக்கும். குறித்த நேரத்துக்கு ஒருதரம் சாம்பிள் எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அளப்போம். பன்னிரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டியது ஒரே மணியில் கொட்டிவிட்டால் பேட்ச் குப்பைக்கு. அதைச் சாப்பிடுகிறவனுக்குக் காலையில் விஷம், மாலையில் வெறும் மாவு. நான் குப்பைக்கு அனுப்பியவை கொஞ்சமல்ல. பேக்கிங் பிரிவில் எனக்கு 'பெயில் மேடம்' என்று பெயர் உண்டு. காதில் விழாத மாதிரி நடந்துகொள்வேன்.

டாக்டர் கிராஃபைக் கொடுத்தார். அழகான கோடு. முதல் நாள் கொஞ்சம் துள்ளி, பிறகு படுத்துக்கொண்டு நிதானமாகப் போகிறது. ஆனால் அது ஜாடியில் எடுத்த கோடு. என் கால் என்ன ஜாடியா? துடுப்பு உண்டா? உள்ளே எவ்வளவு திரவம் என்று யாருக்குத் தெரியும்? ஒரே நாளில் எல்லாம் கொட்டிவிட்டால் கிட்னி போகும். பிறகு குழியில் மருந்தே இருக்காது, கிருமி சாவகாசமாகத் திரும்பி வரும். அப்புறம் அந்த மூடிய பேனா.

காலில் இருந்து வடியும் நீரில் மருந்தின் அளவைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். ரத்தத்தில் பார்ப்போம், வடியும் நீரில் பார்ப்பது எங்கள் திட்டத்தில் இல்லை என்றார்.

சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வைஷு கேட்டாள்: "அம்மா, ஸச்சி, நிஜமாவே உன் கால்ல காச் போடுவாங்களா? நடந்தா டூட் ஆகாதா?"

ஒன்பதாவது படிக்கிறாள். தமிழில் பாதி வாக்கியம் வந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். உடையாது, கரையும் என்றேன். "கரைஞ்சா அப்புறம் அங்க என்ன இருக்கும்?" என்றாள். நல்ல கேள்வி. எலும்பு இருக்கும் என்று சொன்னேன். ரொம்ப நிச்சயமாகத் தெரிந்தவள் மாதிரி சொன்னேன்.

ஜூன் 11, புதன்

நாளைக் காலை. கால் விரல் நகங்களுக்குப் பூசியிருந்த பாலிஷை அழிக்கச் சொன்னார்கள். அழிக்கும்போது இடது காலுக்கு மட்டும் அழுகை வந்தது. பைத்தியக்காரி.

ஜூன் 13, வெள்ளி

உயிரோடு இருக்கிறேன். கால் இருக்கிறது. எழுந்ததும் முதலில் போர்வையைத் தூக்கி அதைத்தான் பார்த்தேன்.

கட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் வருகிறது. அதன் நுனியில் மாங்காய் அளவில் ஒரு ரப்பர் பந்து. உள்ளே தேங்கும் ரத்தநீர் அதில் வந்து சேரும். ஜமீலா சிஸ்டர் வந்து, பந்தின் மூடியைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து, நேராகத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள். சாம்பிள்! மருந்தை அளக்காமல் கொட்டுகிறாள்!

ஜமீலா புனே கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் ஆம்பூரிலிருந்து வந்த குடும்பமாம். சுப்ரஜா என்ற என் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, டென்ஷன் நக்கோ. தூங்குங்க, ஆராம்சே" என்பது, கவலை வேண்டாம், நிம்மதியாகத் தூங்குங்கள் என்பதற்கு அவள் தமிழ். நல்ல பெண். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் இதே மாதிரி பந்து. அவருடையது அமுக்கி மூடிச் சப்பையாக இருக்கிறது. அது விரிய விரிய உள்ளேயிருப்பதை இழுக்கிறது. என்னுடையது மட்டும் காற்று நிரம்பி உப்பிக் கிடக்கிறது. இழுக்கவே இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

வடியும் நீரில் எவ்வளவு மருந்து என்று அளந்து சொல்ல முடியுமா என்று கேட்க மனோஜுக்குப் போன் போட்டேன். என்னோடு லேபில் இருந்தவன், இப்போது ஒரு மருந்தியல் கல்லூரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறான். "அக்கா, இதெல்லாம் கேக்கற விஷயமா?" என்று இழுத்தான். பிறகு அனுப்புங்க என்றான்.

ஜூன் 14, சனி

ஜமீலா வருவதற்கு முன்னால் நானே மூடியைத் திறந்து சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். பிறகு பந்தை அமுக்கி, அமுக்கியபடியே மூடினேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது சர்ரென்று வர ஆரம்பித்தது. சாம்பிள் போதுமான அளவு கிடைத்தது. லேபில் பிப்பெட் பிடித்த கை அல்லவா?

அந்த பாட்டிலை நிர்மல் தன் மதிய டப்பாப் பையில், ஐஸ் பொட்டலத்துக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் வைத்து எடுத்துப் போனார். "இதென்ன லொள்ளு சுபா, யாராச்சும் பையைத் தொறந்து பார்த்தா என்ன சொல்லுவேன்?" என்றார். ரசம் என்று சொல்லுங்கள் என்றேன். விபத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல்முறை.

மாலை மனோஜ் எண்ணைச் சொன்னான். மிக அதிகம். முதலில் அப்படித்தான் துள்ளும். சரிதான். சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பாதிக்கும் கீழே.

மனோஜ் ஞாயிற்றுக்கிழமையும் கல்லூரியைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கிறான். இரண்டுதரம் மெஷினில் ஓட்டிப் பார்த்தானாம். ஜாடிக் கோட்டில் மூன்றாம் நாள் இவ்வளவு இறங்கவில்லையே. என் கோடு மாடிப்படியில் உருளுகிற மாதிரி இருக்கிறது.

மறுபடியும் அமுக்கினேன். நன்றாகச் சப்பையாகும் வரை. சரியான சாம்பிள் இல்லாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, நிர்மலிடம்கூட. அவர் மறுபடியும் வெசனப்படாத என்றால் என்னால் தாங்க முடியாது.

ஜூன் 16, திங்கள், காலை

இன்னும் கீழே. மருந்து கொட்டித் தீர்ந்துகொண்டிருக்கிறது. இது தேறாது. என் கால் ஏழாவது ஜாடி, அதை நானே பெயில் செய்ய வேண்டும். டாக்டர் சுற்று வரும்போது காட்டுவதற்காக கிராஃப் வரைந்து வைத்திருக்கிறேன். இன்றே திரும்பத் திறந்து புது மருந்து வைக்கச் சொல்லப்போகிறேன்.

ஜூன் 16, மாலை

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

டாக்டர் வந்தார். பின்னால் இரண்டு சின்ன டாக்டர்கள், ஜமீலா. கிராஃபை நீட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அளப்பதற்கு இவ்வளவு நீர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியில் தொங்கிய பந்தைக் கையில் எடுத்தார்.

அது சப்பையாக இருந்தது.

அவர் முகம் மாறிப் போயிற்று. ஜமீலாவைத் திரும்பிப் பார்த்து மராட்டியில் கத்தினார். காற்றை எடுக்கக்கூடாது, தானாக வடிவது மட்டும் வடியட்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேனே, யார் இதை அமுக்கியது என்று. ஜமீலா பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது.

நானும் பேசாமல் இருந்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனாலும் இருந்தேன். அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

பிறகு, "நான்தான்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அப்புறம் ஹிந்தியில்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எல்லாம் போய் களைப்பாகத் தெரிந்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் குழியில் மருந்து எதுவும் இல்லை, அதனால் இழுக்கலாம் என்றார். உங்களுக்கு அந்த மருந்துநீர் குழியிலேயே தங்க வேண்டும், அதற்காகத்தான் பந்தைச் சும்மா விட்டிருந்தேன் என்று விளக்கினார். பிறகு ஒன்று கேட்டார். "உங்க ஜாடியில இருந்து சாம்பிள் எடுத்தா, அப்புறம் என்ன செய்வீங்க?"

எடுத்த அளவுக்குப் புதுத் திரவம் ஊற்றுவோம் என்றேன்.

"இங்கே யார் ஊத்துவாங்க?"

பத்தொன்பது வருட வேலை. ட்ரெய்னிங்குக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

மருந்து கொட்டவில்லை. நான் இறைத்திருக்கிறேன். மூன்று நாளாக, கிணற்றை இறைக்கிற மாதிரி, என் கையாலேயே. எண் இறங்க இறங்கப் பயந்துபோய் இன்னும் பலமாக அமுக்கியிருக்கிறேன்.

எவ்வளவு போயிற்று? அவருக்கும் தெரியாது. மணிகளுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்றார். கண்ணாடியே கரையும்போது சுற்றிலும் ஒரு காரத்தன்மையை உண்டாக்கும், அது கிருமிக்குப் பிடிக்காது, அதுவும் துணை என்றார். மறுபடி திறந்தால் அதுவே புதுக் கிருமிக்கு வழி. திறக்க மாட்டாராம். காத்திருக்க வேண்டும்.

அங்கேயே குழாயை உருவினார்கள். அதில் தங்கியிருந்த கடைசி நீரை, வெட்கம் கெட்டுப்போய், கேட்டு வாங்கி பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். பழக்கம். சாம்பிளைக் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. நிர்மல் அதை மனோஜிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பாட்டில் அங்கே போய்ச் சேர்ந்ததும் மனோஜுக்கு நானே போன் செய்தேன். ஓட்டாதே, ஃப்ரீசரில் வை என்றேன்.

"ஏன்கா?"

பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஜமீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அரே அக்கா, நீங்க உடனே சொல்லிட்டீங்க. சில பேரு சொல்லவே மாட்டாங்க" என்றாள். உடனே சொல்லவில்லை என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று பால்கிப் பல்லக்கு ஊர்வலம் எங்கள் பக்கமாகப் போகிறது. ஹடப்சர் முழுக்க ரோட்டை அடைத்துவிட்டார்கள். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஜனம் போய்க்கொண்டே இருக்கிறது. தாளச் சத்தம், தலையில் துளசி மாடம், மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக். பண்டரிபுரம் வரை நடந்தே போவார்கள். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கால்களை மட்டும் பார்த்தேன். வெடித்த கால், வீங்கிய கால், செருப்பில்லாத கால், கட்டுப் போட்ட கால்கூட. எதைப் பற்றியும் கேட்காமல் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பொறாமையில் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

தையல் பிரித்தார்கள். சிவப்பு இல்லை. டாக்டர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம். பார்க்கலாம். அதைத் தவிர வேறு வார்த்தையே தெரியாதா இவருக்கு?

ஜூலை 3, வியாழன்

கட்டுத் துணியில் ஈரம்.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. தண்ணீர் மாதிரி. மோந்துகூடப் பார்த்தேன். இருந்தாலும் ஈரம் ஈரம்தானே? வந்துவிட்டது, வந்துவிட்டது என்றே மனசு அடித்துக்கொண்டது. நிர்மல் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். கண்ணாடி கரையும்போது சிலருக்கு இப்படித் தெளிவாக வடியும், சீழ் இல்லை, தொடாதீர்கள் என்று பதில் வந்தது. கடைசி வார்த்தை எனக்காகவே எழுதியது.

சிலருக்கு என்றால் எத்தனை பேருக்கு? மற்றவர்களுக்கு ஏன் வடியவில்லை? அந்தச் சிலருக்குப் பிறகு என்ன ஆயிற்று?

ஜூலை 9, புதன்

காய்ச்சல். நூற்றியொன்று. காலில் விண் விண் என்று இருக்கிறது. இருக்கிறதா, நான் நினைப்பதால் இருக்கிறதா?

ஃப்ரீசரில் இருக்கிற அந்த பாட்டிலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் எண் நன்றாக இருந்தால், குழியில் அன்றைக்கு மருந்து மிச்சம் இருந்தது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லை என்று வந்தால் இந்தக் காலை எடுத்தது நான். கிருமி இல்லை, விபத்து இல்லை, நான். தெரிந்துகொண்டு என்ன செய்வேன்? தெரியாமல் எப்படி இருப்பேன்?

ஜூலை 10, வியாழன்

கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டாக்டர் முதலில் வைஷுவைப் பார்த்தார். அவள் மூன்று நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறாள். எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் பாதிப் பேர் இருமுகிறார்கள். வீட்டில் யாருக்கோ சளி என்று நான் சொல்லவே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அது காலிலிருந்துதான் வரும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு நாளைக்கு.

ஜூலை 11, வெள்ளி

வைரஸ் காய்ச்சல் மாதிரிதான் இருக்கிறது. கிருமி அளவு கூடவில்லை. போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

நிர்மல் வைஷுவுக்கும் எனக்கும் ஒரே பாத்திரத்தில் மிளகு ரசம் வைத்தார். "வீட்டுல ஆளுக்கொரு டம்ளர் தும்மலு" என்றார். வைஷு, "அம்மா, என் வைரஸ்தான் உனக்கு. ஸாரி" என்றாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன். காலிலிருந்து வராத காய்ச்சலுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 28, திங்கள்

எக்ஸ்ரே. போன முறை படத்தில் மணிகள் தனித்தனியாக, குழிக்குள் கொட்டிய ஜவ்வரிசி மாதிரி தெரிந்தன. இந்த முறை ஓரங்கள் கலங்கியிருக்கின்றன. கரைவது கண்ணாடியா, என் எலும்பா என்று கேட்டேன். டாக்டர் இரண்டு படங்களையும் விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பேனாவால் சுட்டிக் காட்டினார். அந்தப் பேனாதான். அவர் என்ன சொன்னார் என்பது பாதிதான் காதில் ஏறியது. நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி போட்டிருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஈரம் நின்று ஒரு வாரம் ஆகிறது. நிஜமாகவா என்று தினமும் இரண்டுதரம் பார்க்கிறேன். ஒருதரம் பார்த்தால் போதும் என்று நிர்மல் சொல்லிவிட்டார். அதற்குச் சண்டை. "ரோசனை பண்ணியே நீ உன்னைக் கொன்னுக்குவ சுபா. அந்த பாட்டிலை ஓட்டிப் பாத்துரு, இல்லாட்டி தூக்கி வீசச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு. நடுவுல தொங்காத" என்றார். குரலை உயர்த்திப் பேசுகிற மனிதரே இல்லை.

உங்கள் கால் இல்லையே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர்தான் அதை டப்பாப் பையில் சுமந்தவர்.

ஆகஸ்ட் 27, புதன்

கணபதி வந்துவிட்டார். கீழே டோல் மேளம் அடிக்கிறார்கள். ஜன்னல் அதிர்கிறது, எலும்பும் அதிர்கிற மாதிரி ஒரு பயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆரத்திக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம்தான். நின்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ரத்தத்தில் கிருமி அறிகுறி இயல்பு நிலை. டாக்டர் இன்றைக்கும் பார்க்கலாம் என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நம்பவில்லை. நம்பினால் உடனே ஏதாவது ஆகும் என்று தோன்றுகிறது. படித்தவள் பேசுகிற பேச்சா இது?

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருக்கிறேன். கணுக்கால் முழுக்க மடங்கவில்லை. அது இனி இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். ஜமீலா போன் செய்து வாழ்த்துச் சொன்னாள். எனக்குப் பிறகு இரண்டு பேருக்கு இந்தக் கண்ணாடி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பந்தில் இப்போது ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுகிறார்களாம், அமுக்காதே என்று மூன்று மொழியில். "உங்க பேருதான் வெச்சிருக்கோம் அக்கா, சுப்ரஜா சீட்டுன்னு" என்றாள். சிரித்துத் தொலைத்தேன். பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

நவம்பர் 17, திங்கள்

லேபுக்குத் திரும்பினேன். கம்பெனி பஸ்ஸில் முதல் சீட்டைக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள். போன நவம்பரில் விழுந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். லேப் நோட்டில் எழுதும்போது கை தப்பிற்று. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். எங்கள் விதி அது. அழிக்கக்கூடாது. அடித்ததும் கீழே படிக்கிற மாதிரித் தெரிய வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

எக்ஸ்ரே. இதில் எது கண்ணாடி, எது எலும்பு என்று காட்டச் சொன்னேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். இங்கே என்றார். இல்லை, இங்கே என்றார். பிறகு, பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று கையை விரித்துவிட்டார். இன்னும் ஒரு வருடம் வந்து காட்ட வேண்டுமாம். ஒரு வருடம் முடியும்வரை எதையும் சொல்ல மாட்டாராம்.

வெளியே வந்து நிர்மலிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் வடா பாவ் வாங்கி, நின்றபடியே இரண்டு தின்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

மதியம் மனோஜ் போன் செய்தான். ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த வாரம் கிளம்புகிறான். ஃப்ரீசரைக் காலி செய்கிறான். "அக்கா, உங்க பாட்டில் ஒண்ணு இருக்கு. ஜூன் பதினாறு. இப்ப மெஷின் சும்மாதான் இருக்கு, ஓட்டிச் சொல்லிடவா?"

நான் லேபில் ஜாடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். துடுப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. இடது காலில்தான் பாரம் போட்டு நின்றேன் போலிருக்கிறது. வலது கால் ஸ்டூல் கம்பிமேல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன், மாற்றவில்லை.

"கீழ ஊத்திடு" என்றேன்.

"ஓட்டவே வேணாமா?"

"வேணாம்டா. ஊத்திட்டு பாட்டிலைக் கழுவிடு."

நேரம் ஆகியிருந்தது. ஆறு ஜாடியிலும் சாம்பிள் எடுத்தேன். எடுத்த அளவுக்குப் புதுத் திரவம் ஊற்றினேன்.